பெருசுக்கு வந்த மாலை

எனக்குக் கைபேசியில் எழுத்து அடிக்க வராது. வராது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துவிடும், அவ்வளவுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். இதை எழுதும்போதுகூட மகள்தான் பிழை பார்த்துக் கொடுக்கிறாள். சம்பந்தி வீட்டுக்கு நான் ஒரு வரி எழுதி அனுப்பி, அதில் பிழை இருந்து, அதைப் பார்த்து அவர்கள் என் மகளைக் குறைவாக நினைத்துவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தில்தான் எல்லாவற்றையும் குரலில் பேசி அனுப்பப் பழகிக்கொண்டேன். பேசினால் பிழை வராது என்பது என் எண்ணம்.

மகளுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். சிதம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மாவை நான் அண்ணி என்பேன். அவர்கள் என்னைச் சம்பந்தி என்பார்கள். நல்ல மனுஷி. அதிகம் பேசமாட்டார்கள். அதிகம் பேசாதவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம் ஜாஸ்தி. அவர்கள் பேசாமல் விட்டதையெல்லாம் நானே மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் கடலூரில், திருப்பாப்புலியூரில் இருக்கிறோம். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், அவருடைய அப்பா, அப்புறம் இரண்டு நாய்கள். பெரிய நாய் பெருசு, சின்ன நாய் சிறுசு. பெயர் வைப்பதற்கென்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. சிறுசு வந்தபோது பெருசுக்கும் பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான். சிறுசு என்னைப் போல. இலை விழுந்தாலும் குரைக்கும். பெருசு வேறு ரகம். மகள் ஆறாவது படிக்கும்போது ஒரு மழை நாளில் புத்தகப் பையில் வைத்துத் தூக்கி வந்த நாட்டு நாய்க்குட்டி அது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. பன்னிரண்டு வயதாகிறது. முகவாய் நரைத்துப்போய்விட்டது.

மகள் புகுந்த வீடு போனதிலிருந்து பெருசு சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் போய் வாசல் கேட்டில் மூக்கை வைத்துக்கொண்டு உட்காரும். அவள் வேலை முடிந்து வருகிற நேரம் அது. ஏழு மணிவரை உட்கார்ந்துவிட்டு, தானே எழுந்து உள்ளே வரும். கால்நடை டாக்டரிடம் காட்டினோம். நோய் ஒன்றும் இல்லை, ஏக்கம்தான் என்றார்.

மகள் தன் மாமியாரிடம் கேட்டாள், எங்கள் வீட்டு நாயை அங்கே அழைத்து வைத்துக்கொள்ளலாமா என்று. அவர்கள் சொன்னது ஒரே வார்த்தை: "பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் சரி என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். சொல்பவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கேட்டதே தப்போ? புதுப் பெண் அதற்குள் வீட்டில் நாயைக் கொண்டுவருவதா என்று நினைத்திருப்பார்களோ? அந்த வீட்டில் இவள் கேட்கிற முதல் காரியம் இது. இதுவே நடக்கவில்லை என்றால், அப்புறம் இவள் எதையும் கேட்கமாட்டாள். என் மகள் அப்படி. ஒருமுறை வாயை மூடினால் மூடியதுதான்.

"அத்த நாயப் பக்கத்துல வெச்சுப் பாத்ததே இல்லம்மா. தெருவுல தொரத்துற நாயத்தான் பாத்திருக்காங்க. நம்ம பெருசு மூஞ்சிய ஒரு தடவ பாத்தாங்கன்னா போதும்" என்றாள் மகள்.

"இங்க வரச்சொல்லட்டுமா?"

"இங்க வந்தா சிறுசு வாசல்லயே அவுங்களப் பாத்துக் கொலகாரி வந்த மாதிரி கொலைக்கும். வெளிய எங்கயாவது போவணும்."

அப்படித்தான் மில் பூங்கா முடிவானது. கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்தில், நெல்லிக்குப்பம் போகிற வழியில் இருந்து உள்ளே திரும்பினால் ஒரு பழைய கரும்பு மில் வரும். நெல்லிக்குப்பத்தில் ஓடுகிற பெரிய ஆலை வேறு. இது வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன மில். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மூடிவிட்டார்கள். என் மாமனார், மில்லை மூடிய நாள்வரை அங்கே பாய்லரில் வேலை பார்த்தவர். இப்போது சுற்றுச்சுவரைச் சரிசெய்து, புல் வளர்த்து, மெஷின்களுக்குப் பெயின்ட் அடித்துப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பார்க்க வருகிறவர்களுக்காகப் பழைய மில் சங்கை ஊதிக் காட்டுவார்கள். ஷிஃப்ட் மாறுவதற்கு ஊதுகிற சங்கு. வெளியூரில் சைரன் என்பார்கள். மில் ஊர்க்காரர்களுக்கு அது சங்குதான்.

மாப்பிள்ளை புதுச்சேரியில் வேலை பார்க்கிறார். ஞாயிறு காலை அங்கிருந்து பைக்கில் நேராக வந்துவிடுவதாகச் சொன்னார். மகள் வெள்ளிக்கிழமையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அத்தய நீங்க கூப்பிட்டாத்தாம்மா மரியாத" என்றாள். சரிதான் என்றேன். சொல்லிவிட்டு, எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தே வெள்ளியும் சனியும் போய்விட்டன. நாய் பார்க்க வாங்க என்றா சொல்வது? மில் பார்க்க வாங்க என்றா? பேச ஆரம்பிப்பேன், சரியில்லை என்று அழிப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது. காலை ஆறரைக்கு, எலுமிச்சம்பழச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டே, இனிமேல் விட்டால் ஆகாது என்று ஒரே மூச்சில் பேசி அனுப்பினேன்.

"அண்ணி, நான்தான் பேசறேன். வூட்டுக்கு வராதீங்க, நேரா மில்லுக்கே வந்துடுங்க. எல்லாரும் அங்கதான் இருப்போம். பன்னண்டு மணிக்கு சங்கு ஊதிடுவாங்க, அதுக்குள்ள வந்துடுங்க அண்ணி. பெருசு தாங்காது..."

பெருசு வெயில் தாங்காது, சங்கு முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று சொல்ல வந்தேன். கடுகு வெடித்துக் கையில் பட்டது. விரல் விட்டுவிட்டது. போனது போகட்டும், விஷயம் போய்ச் சேர்ந்ததே என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். என் குரல் எப்போதுமே கொஞ்சம் நடுங்கித்தான் வரும். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறார். அதில்தான் போனோம். முன்னால் அவரும், நான் மாமா என்று கூப்பிடும் மாமனாரும். பின்னால் பாய் விரித்து நானும் மகளும் இரண்டு நாய்களும். நான் எடுத்துவைத்த சாமான்களைப் பார்த்து அவர், "காசிக்கா போறோம்?" என்றார். இரண்டு கேன் தண்ணீர், நாய்களுக்குக் கிண்ணம், உபரியாக ஒரு கயிறு, அந்தக் கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு, தயிர்ச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், மாமாவுக்கு முறுக்கு, காயத்துக்கு மருந்து. காயம் யாருக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருக்காவது ஆனால்? கைபேசி இவற்றுக்கெல்லாம் அடியில், பையின் பாதாளத்தில் கிடந்தது.

பூங்கா வாசலில் பெரிய பலகை. வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கிப் போய்ப் படித்தேன். 'கயிறு இன்றி வரும் செல்லப்பிராணிகள் அனுமதிக்கப்பட மாட்டாது.' மூன்று தடவை படித்தேன். இன்றி என்றால் இல்லாமல். மாட்டாது என்றால் விடமாட்டார்கள். இரண்டு இல்லை சேர்ந்தால் என்ன வரும்? எனக்கு வியர்த்துவிட்டது.

வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பரிட்சைக்கா படிக்கிற? கயிறு கீதா?"

"நாலு இருக்கு சார்."

"நாய் ரெண்டுதான? போ போ."

உள்ளே போனதும் எனக்கே கொஞ்சம் மூச்சு சீரானது. நல்ல இடம். செங்கல் புகைபோக்கி நெடுநெடுவென்று நிற்கிறது. உச்சியில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. கரும்பு ஏற்றி வந்த குட்டித் தண்டவாள வண்டிகளில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாய்லருக்குக் கறுப்பு, கரும்பு பிழிகிற உருளைகளுக்குப் பச்சை என்று பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆள் உயர உருளைகள். உடம்பெல்லாம் வரி வரியாகப் பள்ளம். மாமா அதன் பக்கத்தில் போய் நின்று, "பச்ச அடிச்சிருக்கானுங்க. பச்சக் கலர்ல உருளைய எவன் பாத்தான்?" என்று கோபப்பட்டார். அப்புறம் வேப்பமர நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முறுக்கை டீயில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது, ஆறு பல்.

பெருசு வந்த இடத்தை ஒவ்வொரு அடியாக மோந்தது. மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் வேகத்துக்கே நடந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அதன் வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாக ஆடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிறுசு ஒவ்வொரு மெஷினையும் பார்த்துக் குரைத்தது. எந்த மெஷினும் திருப்பிக் குரைக்கவில்லை என்றதும் அதற்கும் நிம்மதி. என் வீட்டுக்காரர் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். காற்று வந்தது. இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததும் பயம் வந்துவிட்டது.

பத்தரை மணிக்கு மாப்பிள்ளை வந்தார். "அம்மா கெளம்பிட்டாங்க அத்த. எனக்குப் போன் பண்ணாங்க. பஸ்சுல இருந்தாங்க போல, ஒண்ணும் சரியா கேக்கல. எல்லாரும் வந்துட்டாங்களான்னு கேட்டாங்க. வந்துட்டே இருக்காங்கன்னேன். எப்ப எடுக்குறாங்கன்னு கேட்டாங்க. பன்னண்டு மணிக்கு சங்கு ஊதுறப்ப எடுத்துக்கலாம்மான்னேன். கட் ஆயிடுச்சி."

"என்னாத்த எடுக்குறது?"

"போட்டோதான். குரூப் போட்டோ."

அண்ணிக்குப் போட்டோவில் அவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பையைக் கவிழ்த்துக் கைபேசியை எடுத்தேன். அண்ணியிடமிருந்து ஏழு அழைப்பு வந்து தவறியிருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றார் மாப்பிள்ளை. பஸ்ஸில் ஏதாவது ஆகியிருக்குமோ, கோபத்தில் அணைத்திருப்பார்களோ என்று நான் வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அண்ணி இறங்கினார்கள். பழைய நூல் புடவை. கண் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு தோளில், தரையைத் தொடுகிற மாதிரி, இவ்வளவு பெரிய ரோஜா மாலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமாதான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டார். அண்ணி அப்படியே நின்றுவிட்டார்கள். முறுக்கு வாயில் இருக்க, மாமா சிரித்தார்.

"வாம்மா, வா. எனக்கு எதுக்கும்மா மாலைலாம்?" என்றார். அவருக்குக் காது மந்தம், மரியாதை என்றால் ஆசை. மறுப்பு சொல்கிற மாதிரியே கழுத்தையும் நீட்டிவிட்டார்.

அண்ணி இரண்டு அடி பின்னால் போனார்கள். "சம்பந்தி! இன்னா இது? இவரு... இவரு உக்காந்து முறுக்கு துன்றாரு!"

"அவருக்கு என்னா அண்ணி? நல்லாத்தான இருக்காரு."

"பெருசு தாங்காதுன்னியே! வூட்டுக்கு வராதீங்க, மில்லுலதான் இருக்கோம், பன்னண்டு மணிக்கு சங்கு ஊதிடுவாங்கன்னு அழுதுகினே சொன்னியே! மில்லுல வேல பாத்த மனுஷன், மில்லுலயே வெச்சிருக்காங்க போலன்னு நான் நெனச்சிகினு வரேன்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் இருக்கிற வயசானவரையும் பெருசு என்றுதான் சொல்வார்கள். பிணத்துக்கு ஊதுவதும் சங்குதான். எடுப்பது என்றால் பாடையை எடுப்பது. சிதம்பரத்தில் ஒரு அம்மா காலை ஏழு மணிக்கு என் குரலைக் கேட்டு, ஏழு முறை கூப்பிட்டு, சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

"டேய், எப்ப எடுக்குறாங்கன்னு உன்னக் கேட்டேனேடா!" என்றார்கள் மகனிடம்.

"போட்டோன்னு நெனச்சேம்மா."

"ஆமா, மாலையோட வந்து போட்டோக்கு நிக்கிறேன், எடு."

மாமாவுக்கு மெதுவாகத்தான் விஷயம் எட்டியது. மகள் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்திச் சொன்னாள். கேட்டதும் அவர் நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், முறுக்கு புரையேறி நான் முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது. அன்றைக்கே மாலைக்கு வேலை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

"பையில என்னாம்மா?" என்று மூச்சு வந்ததும் கேட்டார்.

அண்ணி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும் அது என்ன என்று. சாவுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்து கோடி கொண்டுவர வேண்டும். பிரிக்காத புது வேட்டி. முறை தவறாத மனுஷி.

நான் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிச்சிடுங்க என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். உள்ளுக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். முடிந்தது. பெருசு விஷயம் இன்றோடு முடிந்தது. என் மகள் இனிமேல் அந்த வீட்டில் வாயைத் திறக்கமாட்டாள். ஒரு நல்ல காரியத்துக்கு என்று கூப்பிட்டு, நானே என் வாயால் கெடுத்துவிட்டேன்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாலையைப் பக்கத்தில் வைத்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப தாங்காதுன்னு சொன்னியே, அந்தப் பெருசு யாரு?" என்று கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர்தான் கையை நீட்டிக் காட்டினார். பெருசு வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்து வயிற்றைக் குளிரவைத்துப் படுத்திருந்தது. தன் பெயரைக் கேட்டு, நரைத்த முகத்தைத் தூக்கி அண்ணியைப் பார்த்தது.

"இதுவா?"

"இதுதான் அத்த" என்றாள் மகள்.

"இதுக்கா நான் சிதம்பரத்துலேந்து ஆலப்பாக்கம் வரைக்கும் அழுதுகினு வந்தேன்?"

மாப்பிள்ளைக்கு அடக்க முடியவில்லை. "ஆலப்பாக்கம் தாண்டுனதும் நிறுத்திட்டியாம்மா?"

"அதுக்கப்பறம் பசி எடுத்துடுச்சிடா."

இலை எடுத்துப் போட்டேன். இரண்டு தடவை எலுமிச்சம்பழச் சாதம் வாங்கிச் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றார்கள். அதைச் சொன்ன விதத்தில் கோபம் இருக்கிறதா என்று நான் முகத்தைப் பார்த்தேன். சாப்பிடுகிற முகத்தில் எதுவும் தெரியவில்லை.

பன்னிரண்டு ஆகப்போனது. வாட்ச்மேன் வந்து, "சங்கு ஊதப்போறோம், கொழந்தைங்க காத மூடிக்கங்க" என்று சத்தம் போட்டார். அப்போதுதான் எனக்கு அடுத்த பயம் வந்தது. நாய்களுக்குச் சங்கு ஆகாதே! சிறுசை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மாமா எழுந்து நின்றார். கடைசி நாளில் இந்தச் சங்கின் கயிற்றை இழுத்தது அவர்தானாம். இப்போது சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது.

"சுவிட்ச் போடுறான் பாரு. நாங்க நீராவியில ஊதுனோம். இது சங்கா?" என்றார்.

ஊதியது. தாழ்வாக ஆரம்பித்து மேலே மேலே ஏறி, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற மாதிரி ஒரு சத்தம். சிறுசு என் மடியிலிருந்து நழுவி ஓடிப்போய், அந்தக் கூட்டத்தில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அண்ணியின் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டது. அண்ணி 'ஐயோ' என்று காலைத் தூக்கினார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பெருசு எழுந்து நின்றது. தலையை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடி, சங்கு ஏறும்போது தானும் ஏறி, இறங்கும்போது தானும் இறங்கி, ஊ என்று ஊளையிட்டது.

நாய் ஊளை! அதுவும் நட்டநடுப் பகலில், சாவு மாலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சம்பந்தி எதிரில்! சங்கு நின்ற பிறகும் பெருசு தன் பாட்டுக்கு ஒரு நீட்டு நீட்டி முடித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டது. பூங்காவில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நாய் ஊளையிடக்கூடாதுன்னு சொல்லுவாங்க..." என்று நானே ஆரம்பித்துவிட்டேன். என் வாய் அப்படி.

"சாவு வரும்னுதான சொல்லுவாங்க?" என்றார் மாமா. "மாலையே வந்துடுச்சி, கோடியும் வந்துடுச்சி. இனிமே என்னா வரணும்? நான் அதையும் தாண்டிட்டேன். எனக்கு இனி நூறு."

அண்ணி சிரித்தார்கள். இந்த எட்டு மாதத்தில் அவர்கள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே காலைக் கீழே வைத்தார்கள். சிறுசு இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதன் முதுகில்தான் கால் பட்டிருக்கும். ஆனாலும் அண்ணி காலை எடுத்துக்கொள்ளவில்லை.

மாலைதான் பாக்கி. சாவுக்கென்று வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. குப்பையில் போடவும் மனசு வராது. எங்கே வைப்பது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, மாமா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. நேராகப் பச்சைப் பெயின்ட் அடித்த உருளைக்குப் போனார். ஆயுத பூஜைக்கு இதற்குத்தான் முதல் மாலை போடுவார்களாம். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"பெரியவரே, மெஷின் மேல எதுவும் போடக்கூடாது. போர்டு கீது பாருங்க."

"போர்டுல மாலைன்னு போட்டிருக்கா?"

வாட்ச்மேன் போய்ப் படித்தார். ஏறக்கூடாது, எழுதக்கூடாது, சாயக்கூடாது என்று இருந்தது. மாலை என்று இல்லை. "சாயங்காலம் எடுத்துடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரே ஒரு பக்கம் பிடித்து மாட்டினார். ரோஜா மாலை போட்டதும் அந்தப் பச்சை கண்ணுக்கு உறுத்தவில்லை என்று மாமாவே ஒப்புக்கொண்டார். அதன் முன்னால் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். பெருசு நடுவில். நான் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

கிளம்புகிற நேரம் வரை அண்ணி நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளும் கேட்கவில்லை. கேட்டுவிடு என்று நான் கண்ணால் சொன்னேன். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். வண்டியில் சாமான்களை ஏற்றினோம். மகளும் மாப்பிள்ளையும் பைக்கில் சிதம்பரம் போவதாகவும், நாங்கள் அண்ணியைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் விடுவதாகவும் பேச்சு. பெருசை என் வீட்டுக்காரர் தூக்கி வண்டியில் ஏற்றினார். அது திரும்பி நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை, குதிக்கவில்லை. சாயங்காலம் கேட்டில் உட்காருமே, அந்தப் பார்வை.

அண்ணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் என்னிடம் திரும்பினார்கள்.

"இது என்னா துன்னும்?"

"தயிர்ச்சாதம் அண்ணி. முட்ட போட்டா நல்லாத் துன்னும். பல்லு இல்ல, கொழய வடிக்கணும்."

"எனக்கும் கொழஞ்சாத்தான் ஆவும்" என்றார்கள். "ஆனா வூட்டுக்குள்ள வரக்கூடாது. பின்னாடி ஓட்டுக் கொட்டாய் இருக்குது, அதுலதான் இருக்கணும்."

"சரிங்க அத்த" என்றாள் மகள். அவள் அழுதுவிடக்கூடாது என்று சக்தி முழுக்கச் செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"அழுது, பஸ்சேறி, மால வாங்கி, கோடி எடுத்து எல்லாம் செஞ்சாச்சி. இவ்வளவு செஞ்சப்பறம் அது யாரோன்னு விட்டுட்டுப் போவ முடியுமா?" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் பையைப் பிரித்து வேட்டியை எடுத்தார்கள். மடிப்புக் கலையாத எட்டு முழம். "இதத் திரும்ப வூட்டுக்கு எடுத்துட்டுப் போவக்கூடாது."

"கோடியாச்சே அண்ணி, அத எப்படி..."

"பெருசுக்குன்னுதான எடுத்தாந்தேன்? அதுக்கே போடு. அது படுத்துகினு வந்தா அது கோடி இல்ல, பாய்."

குட்டியானை பஸ் ஸ்டாண்டில் நிற்கவில்லை. நேராகச் சிதம்பரம் போனது. முன்னால் அண்ணி உட்கார்ந்தார்கள். மாமா பின்னால் எங்களோடு வந்துவிட்டார். பெருசு புது வேட்டி மேல் படுத்துக்கொண்டு, பின்னாலேயே வந்த பைக்கைப் பார்த்தபடி வந்தது. ஆலப்பாக்கம் வந்ததும் மாமா கம்பியைத் தட்டி, "ஏம்மா, இங்கதான அழுவுறத நிறுத்துன?" என்று முன்னால் கத்தினார்.

திரும்பி வரும்போது வண்டியில் சிறுசு மட்டும். அது பெருசு படுத்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு என் மேல் சாய்ந்துகொண்டது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதிக்கு நடுவில், அந்தக் கொட்டகையில் ஓடு ஒழுகுமா, மழைக்காலத்தில் என்ன செய்வார்கள் என்றும் ஓடியது. அதைக் கேட்க விட்டுப்போச்சு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குரல்ல கேட்டு அனுப்பிடாத" என்றார்.

ஓடு ஒழுகவில்லை. ஒழுகினாலும் கவலையில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே பெருசு கொட்டகையிலிருந்து நடைக்கும், நடையிலிருந்து அண்ணியின் கட்டிலுக்குக் கீழும் வந்துவிட்டதாக மகள் சொன்னாள். யார் அழைத்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. வேட்டியும் கூடவே வந்துவிட்டது. துவைத்துத் துவைத்து இப்போது நல்ல மிருதுவாகியிருக்கிறதாம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீடு அல்லவா? பகல் வண்டி ஊதினால் பெருசும் தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. முதல் நாள் அந்தச் செய்தி கேட்டபோது, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இப்போது அண்ணியே தினமும் எனக்குக் குரலில் பேசி அனுப்புகிறார்கள். அதிகம் பேசாதவர்கள் என்று சொன்னேனே, குரலில் நன்றாகவே பேசுகிறார்கள். இன்றைக்கு வந்ததை இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பின்னால் ரயில் ஊதுகிறது, அதோடு சேர்ந்து நீளமாக ஒரு ஊ. அதற்கு மேல் அண்ணியின் குரல்:

"சம்பந்தி, பெருசு சங்கு ஊதிட்டாரு. மணி பன்னண்டர. நான் போயி சோறு வெக்கிறேன்."